கீழ் அம்பு ஒரு தடவை, பிறகு எண்டர்

1. புதன்கிழமை

2003 நவம்பர் 12, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் வாளிகளை நிரப்பினேன். லேக் மார்க்கெட் வரை நடந்துபோய் காப்பிப் பொடியும் கறிவேப்பிலையும் வாங்கி வந்தேன். குளிர் இன்னும் சரியாக ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் பால் பூத்துக்காரர் குரங்குக் குல்லாவை எடுத்து மாட்டிவிட்டார். குளித்துச் சாப்பிட்டதும் வேலைப் பையைச் சரிபார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் செட், பூட் ஃப்ளாப்பி, லினக்ஸ் ரெஸ்க்யூ சி.டி., மாற்றுக்கு ஒரு டிஸ்க் கேபிள். கீபோர்டு வைக்கும் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதை முந்தைய நாள் ஓர் அலுவலகத்தில் மாட்டிவிட்டு வந்திருந்தேன்.

டைரியில் செவ்வாய்க்கிழமை வேலைகளுக்கு எதிரே டிக் போட்டேன். ‘அலிப்பூர், டெலிபோன் ரூம்’ என்ற வரிக்கு எதிரே போட மட்டும் மனம் ஒப்பவில்லை. வேலை முடிந்துதான் இருந்தது. ஏன் கெட்டது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் வங்காளத் தலைநகரில், கரியாஹாட் பக்கம் இருந்த ஒரு சிறிய கம்பெனியில் சீனியர் சர்வீஸ் இன்ஜினீயர். அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரிப்பது எங்கள் தொழில். உள்ளே நுழைந்ததும் கம்ப்ளைண்ட் எழுதிக்கொள்ளும் பெண் தலை நிமிராமல், “மூர்த்தி பாபு, அலிப்பூர்” என்றார்.

“எந்த அலிப்பூர்?”

“அதே அலிப்பூர்தான்.”

நான் பையைக் கீழே வைக்கவே இல்லை. திங்கட்கிழமை என் கண்ணெதிரே ஒழுங்காகக் கிளம்பியது. செவ்வாயும் அப்படியே. நல்ல நிலையில் ஒப்படைத்துவிட்டு வந்த கம்ப்யூட்டர் அடுத்தடுத்து மூன்று நாள் படுத்துக்கொண்டது என் அனுபவத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

2. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

இப்போது வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 98-ம் லினக்ஸும் இருந்தன. ஸ்விட்ச் போட்டதும் எது கிளம்ப வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு சிறிய புரோகிராம் டிஸ்க்கின் முதல் துண்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதுதான் பூட் லோடர். அந்தக் காலத்தில் பெரும்பாலும் லைலோ. திரையில் இரண்டு பெயர்களைக் காட்டும். சில விநாடி யாரும் எதையும் அழுத்தாவிட்டால் மேலே இருக்கும் பெயரைத் தானே எடுத்துக்கொள்ளும். அதை டிஃபால்ட் என்போம். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் அது லைலோவைக் கேட்காமல் அழித்துவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸ் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் உள்ளே போக வாசல் இருக்காது. ரெஸ்க்யூ சி.டி.யால் கிளப்பி, லைலோவைத் திரும்ப எழுத வேண்டும். அன்றைக்கு எங்கள் வேலையில் கால்வாசி இதுதான்.

அந்த அலுவலகம் மத்திய அரசுத் துறை ஒன்றைச் சேர்ந்தது. பெயர் வேண்டாம். டெலிபோன் ரூமில் லினக்ஸ் எதற்கு என்றால், எக்ஸ்சேஞ்சிலிருந்து அழைப்பு விவரங்களை இறக்கி மாதக் கடைசியில் பில் போடும் புரோகிராம் அதில்தான் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டவர் சமத்தார். கணக்குப் பிரிவு கிளார்க். பத்திரிகையோடு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சி.டி.களை வீட்டில் போட்டுப் பழகியவர். அந்த அலுவலகத்தில் லினக்ஸ் என்றாலே அவர்தான்.

விண்டோஸ், ஆபரேட்டர் சுகந்திக்காக. சுகந்தி பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் அப்பா தூத்துக்குடிக்காரர். இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கிதிர்ப்பூரிலேயே தங்கிவிட்டவர். சுகந்திக்கு வீட்டில் தூத்துக்குடித் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை விண்டோஸில் போட்டுக்கொண்டு, போன் வராத நேரத்தில் டைப் பழகினார். முப்பது வயது. வாய் கொஞ்சம் துடுக்கு. திங்கட்கிழமை அவர் கம்ப்ளைண்ட் சொல்ல போன் செய்தபோது, எங்கள் அலுவலகப் பெண் பழக்க தோஷத்தில், “ஸ்க்ரீனில் என்ன தெரிகிறது?” என்று கேட்டுவிட்டார். “எனக்கு எப்போதும் தெரிவதுதான் தெரிகிறது, உங்களுக்கு எப்படியோ” என்று பதில் வந்ததாம். எங்கள் பெண் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அந்தத் துடுக்குக்குப் பின்னால் பெரிய கவலை இருந்தது. எக்ஸ்சேஞ்ச் தானியங்கி ஆகிவிட்டதால் ஆபரேட்டர் பதவியை எடுத்துவிட உத்தரவு வந்திருந்தது. சுகந்தியை டிக்டேஷன் பிரிவுக்கு மாற்றலாம். ஆனால் கம்ப்யூட்டரைப் பிறர் உதவி இல்லாமல், ஸ்விட்ச் போடுவதிலிருந்து, தாமே இயக்கத் தெரியும் என்று தேர்வில் காட்ட வேண்டும். மண்டல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் தேர்வு நடத்த வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை. தேறாவிட்டால் உபரி ஊழியர் பட்டியல். உபரிப் பட்டியலில் இருப்பவரை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்புவார்கள். வயதான அப்பாவை விட்டுவிட்டுப் பழகாத ஊருக்குத் தனியாகப் போக சுகந்தியால் ஆகாது. அதாவது, வேலையை விட வேண்டும்.

3. “அந்தப் பொண்ணு கை வெச்சாத்தான்”

நிர்வாக அதிகாரி ரங்கநாதன் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. தமிழில் பேச ஆள் கிடைத்ததில் முதல் நாள் மகிழ்ந்தார். மூன்றாம் நாள் மகிழ்ச்சி இல்லை.

“வாங்கோ மூர்த்தி. உங்களுக்கு இங்கேயே ஒரு மேஜை போட்டுடலாமான்னு பார்க்கறேன்.”

“சார், நேத்து சாயங்காலம் நீங்களே பார்த்தீங்க. பேசிச்சு.”

“நீங்க ஆன் பண்ணினாப் பேசறது. நான் ஆன் பண்ணினாப் பேசறது. பியூன் ஆன் பண்ணினாக்கூடப் பேசறது. அந்தப் பொண்ணு கை வெச்சாத்தான் செத்துப்போறது. இதுக்கு என்ன அர்த்தம்?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குப் பட்டதைச் சொல்றேன். அவளுக்கு வரல. வரலேன்னு சொல்ல வெட்கம். மிஷின் மேல பழி போடறா. போதாததுக்கு, பட்டனை அமுக்கி அமுக்கி சமத்தாரோட பில்லிங்கையும் கெடுத்து வெச்சிருக்கா. அக்டோபர் பில் நிக்கறது. நான் என்னன்னு எழுதறது? மத்தியானமே குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுடப் போறேன். நாளைக்கு வர அம்மா கையில ஃபைலைக் கொடுக்கணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனதற்கு இத்தனை ஆண்டுகளில் என்னைத் திட்டியிருக்கிறார்கள், கம்பெனியைத் திட்டியிருக்கிறார்கள், மின்வாரியத்தைத் திட்டியிருக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும் ஆளையே பழுது என்று எழுதப் போவதை அன்றுதான் பார்த்தேன்.

“சார், மத்தியானம் வரைக்கும் டைம் கொடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு டெலிபோன் ரூமுக்கு இறங்கினேன்.

4. எந்த மெனு?

சுகந்தி போர்டின் முன்னால் தலையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். என் காலடியைக் கேட்டே திரும்பினார்.

“வாங்க அண்ணாச்சி. மேல என்ன சொல்லுதாரு? நான் பொய்யி சொல்லுதேன்னுதான?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“இருக்கட்டும். செத்ததைப் பாருங்க. காலைல இருந்து மூச்சு இல்ல.”

திரை கறுப்பாக, ஒரே ஒரு கேள்வியோடு நின்றது. லினக்ஸ் கிளம்பப் பார்த்து, ஃபைல் சிஸ்டம் குலைந்திருப்பதைக் கண்டு, பராமரிப்புக்கு ரூட் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இதே காட்சிதான். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸைப் பவர் பட்டனை அமுக்கி அணைத்தால் இப்படி ஆகும். சி.டி.யைப் போட்டுச் சரிபார்ப்பை ஓட்டினேன். பில்லிங் ஃபைல்கள் பிழைத்தன. ஆனால் கேள்வி அப்படியே இருந்தது. யாரும் எதையும் அழுத்தாவிட்டால் விண்டோஸ்தானே வர வேண்டும்? லினக்ஸை யார் கிளப்பியது? அம்புக்குறிப் பொத்தான் ஒட்டிக்கொள்கிறது என்று சந்தேகப்பட்டுத்தான் முந்தைய நாள் கீபோர்டையே மாற்றியிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரை முதலில் அமைத்தது எங்கள் கம்பெனி அல்ல. அந்த ஆண்டுதான் ஒப்பந்தம் எங்களிடம் வந்தது. தீபாவளி கழிந்து வைரஸ் வந்து விண்டோஸ் கெட்டது. எங்கள் ஜூனியர் ஒருவர் போய் விண்டோஸை மறுபடி போட்டார். லைலோவையும் அவரே திரும்ப எழுதியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அந்தச் சமயம் சுகந்தி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவில் இருந்தார். திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பினார். இவ்வளவும் எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்தும் முடிச்சு அவிழவில்லை.

“சுகந்திம்மா, ஒண்ணு பண்ணுங்க. நான் தொடல. நான் இல்லேன்னு நினைச்சுக்கிட்டு, தினமும் எப்படி ஆன் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க.”

“போன் வந்தா?”

“நான் எடுக்கறேன்.”

“நீங்க எடுத்தா ஹலோன்னு ஒரு கத்து கத்துவீங்க. சும்மா நில்லுங்க.”

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து பட்டனை அமுக்கினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் கண் திரையில் இருந்தது. மெனு வந்தது. மேலே விண்டோஸ், கீழே லினக்ஸ். நிறம் மாறிய பட்டை விண்டோஸ் மேல் நின்றது. சற்று நேரத்தில் அது தானாகக் கீழே இறங்கியது, லினக்ஸ் கிளம்பிவிட்டது.

பேய் அடித்ததுபோல நின்றேன். புதுக் கீபோர்டு!

“நிறுத்துங்க. மறுபடி கெட்டா நான் ரெஸ்க்யூ பண்ணிடறேன். மறுபடியும் ஒரு தடவை.”

இரண்டாம் முறை திரையைப் பார்க்கவில்லை. ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியாது. திரையில் பார்க்க இனி ஒன்றும் இல்லை என்று தோன்றியிருக்கலாம். அவருடைய கையைப் பார்த்தேன்.

பட்டனை அமுக்கியதும் அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கேபினட் பக்கம் கொடுத்தார். டிஸ்க் கரகரவென்று ஓடி நின்றது. உதடு அசைந்தது, எதையோ எண்ணினார். வலது கை நிதானமாக நகர்ந்து, கீழ் அம்பை ஒரு தடவை தட்டியது. பிறகு எண்டர்.

“ஏம்மா, இப்ப என்ன அழுத்தினீங்க?”

“எப்பவும் அழுத்துறதுதான். கீழ் அம்பு ஒரு தடவை, பொறவு எண்டர். நாலு வருசமா இதான்.”

“யாரு சொல்லிக் கொடுத்தா?”

“சமத்தார்தா. டிஸ்க்கு ஓடி நின்ன பொறவு மனசுக்குள்ள அஞ்சு எண்ணு, கீழ ஒண்ணு, எண்டர், அதுவா பேசும்னாரு. அதுவும் பேசிட்டுதான இருந்துச்சு.”

“ஆனா மெனுல விண்டோஸ்தானேம்மா மேல இருக்கு? ஒண்ணுமே அழுத்தாம விட்டாலே வந்துடுமே?”

அவர் முகம் என் குரல் வந்த திசைக்குத் திரும்பியது.

“எந்த மெனு அண்ணாச்சி?”

நான்கு ஆண்டுகளாக, தினமும், அந்த மெனுவின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஒரு மெனு இருப்பதாக அவரிடம் யாருமே சொல்லவில்லை. பேசும் மென்பொருள் விண்டோஸ் முழுதாக வந்த பிறகுதான் வாய் திறக்கும். அதற்கு முன்னால் நடப்பது எதுவும் அவருக்குக் கிடையாது. அந்த இரண்டு தட்டல்கள் அவருக்குப் பூட்டில் சாவியைத் திருப்புவது போல. பூட்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

லினக்ஸ் பேசாது. காத்திருந்து பார்ப்பார். தொங்கிவிட்டது என்று நினைப்பார். தொங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களோ அதைச் செய்வார்: பட்டனை அமுக்கிப் பிடித்து அணைப்பார். மறுபடி போடுவார். மறுபடி கீழ் அம்பு, எண்டர். மற்றவர்கள் எவரும் எதையும் அழுத்துவதில்லை. திரையில் விண்டோஸ் மேலே நிற்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். அதனால் எல்லோருக்கும் பேசியது.

5. சமத்தார் செய்த உபகாரம்

இதை நான் சுகந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது சமத்தார் வாசலில் வந்து நின்றிருந்தார். இரண்டு கையிலும் மண் குவளைகளில் தேநீர். தினமும் பதினோரு மணித் தேநீரைச் சுகந்திக்கு அவர்தான் கொண்டுவந்து கொடுப்பார். எங்கள் தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் டிஃபால்ட், லினக்ஸ், விண்டோஸ் என்ற சொற்கள் போதுமாக இருந்தன. முகம் வெளுத்துவிட்டது. குவளைகளை மேஜை விளிம்பில் வைக்கப் போய் ஒன்று சாய்ந்து கொட்டியது.

இனி பேசியதெல்லாம் வங்காளியில். தமிழில் எழுதுகிறேன்.

“மூர்த்தி பாபு, டிஃபால்ட்டை மாத்தினது நான்.”

“நீங்களா?”

“உங்க பையன் விண்டோஸ் போட்டுட்டுப் போயிட்டான். லைலோ போயிடுச்சு. எனக்குப் பில் போடணும். உங்களுக்குச் சொன்னா ரெண்டு நாள் ஆகும். நானே எழுதிட்டேன். எழுதும்போது தோணிச்சு, நான் மாசத்துக்கு ரெண்டு நாள் லினக்ஸ் பக்கம் வர்றவன், பாவம் இந்தப் பொண்ணு தினமும் வருது, இதுக்குப் போய் ரெண்டு பொத்தானை அழுத்த வைக்கணுமான்னு. விண்டோஸை மேல வெச்சேன். வேலை மிச்சமாகட்டும்னு…”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாதா?” என்றார் சுகந்தி. சமத்தாரை அவர் வங்காளி வழக்கப்படி அண்ணன் முறையில் ‘தாதா’ என்றுதான் கூப்பிடுவார்.

“நீ லீவு, மா. அப்புறம், சொல்றதுக்கு என்ன இருக்கு? தானா வரும், பார்த்ததும் தெரிஞ்சுடும்னு…”

பாதியில் நிறுத்திவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

சுகந்தி சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. “மூணு நாளா என்னைத் திருடி மாதிரி பாக்கறாங்க. நீங்களும்தான். நேத்து வந்து, ‘மெதுவாத் தொடு மா, பில்லிங் கெட்டுப்போகுது’ன்னு சொன்னீங்க. உங்க உபகாரத்துல எனக்கு வேலை போகப் பாத்துச்சு.”

சமத்தார் கைக்குட்டையை எடுத்து, கொட்டிய தேநீரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மேஜை காய்ந்த பிறகும் துடைத்தார்.

எனக்கு ஒரு சங்கடம் வந்தது. ஒப்பந்தப்படி எங்களைத் தவிர யாரும் சிஸ்டத்தில் கை வைக்கக்கூடாது. நடந்ததை மேலே சொன்னால் சமத்தாருக்கு மெமோ நிச்சயம். ஓய்வு பெற அவருக்கு அதிக காலம் இல்லை. சொல்லாவிட்டால், மிஷினைக் கெடுத்தவர் என்ற பேர் சுகந்தி மேலேயே நிற்கும். இருவரையும் பார்த்தேன்.

“அண்ணாச்சி எதுக்கு யோசிக்காருன்னு எனக்குத் தெரியுது” என்றார் சுகந்தி தமிழில். பிறகு வங்காளியில், “தாதா, நான் போய்ச் சொல்ல மாட்டேன். இவரும் சொல்ல வேண்டாம். ஆனா மேல இருக்கிறவருக்குத் தெரியணும்.”

சமத்தார் கைக்குட்டையைப் பிழிந்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நான் பின்னாலேயே போனேன்.

ரங்கநாதன் முதலில் நம்பவில்லை. “பத்துப் பேர் பார்த்த ஸ்க்ரீன்ல யாருக்கும் தெரியாம என்ன மாறிடும்?” என்றார். சமத்தார் தலையைக் குனிந்துகொண்டு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். நான், சுகந்தி கேட்ட ஒரு கேள்வியை மட்டும் சொன்னேன்.

“‘எந்த மெனு’ன்னா கேட்டா?”

“ஆமா சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு மேஜை மேல் இருந்த ஃபைலைத் திறந்தார். மத்தியானம் என்று சொன்னாரே தவிர, குறிப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். ‘ஊழியரால் கம்ப்யூட்டரைத் தாமாக இயக்க இயலவில்லை.’ நான் மாடி இறங்கி ஏறுவதற்குள் எழுதி முடிந்துவிட்ட வரி. அவர் அதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார்.

“பொய் சொல்றான்னு நினைச்சுண்டிருந்தேன் மூர்த்தி. என் ஆத்துல சொல்லிக்கூடச் சிரிச்சேன்.” பிறகு சமத்தாரைப் பார்த்து, “நீங்க போங்க. உங்க விஷயம் அப்புறம்” என்றார். அந்த மெமோ வந்ததா இல்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

6. ஒரு சத்தமும் ஒரு பெயரும்

பழையபடி லினக்ஸை மேலே வைத்துவிட்டால் கீழ் அம்பும் எண்டரும் வேலை செய்யும். ஐந்து நிமிட வேலை. சமத்தாரும் அதைத்தான் சொன்னார். எனக்குச் சரியாகப் படவில்லை. நாளை இன்னொருவர் இன்னொரு உபகாரம் செய்தால்?

லைலோவில் படம் போட்ட மெனுவை எடுத்துவிட்டு வெறும் எழுத்து முறைக்கு மாற்றலாம். அதில் வரிசை என்பதே கிடையாது. வேண்டிய சிஸ்டத்தின் பெயரை டைப் செய்து எண்டர் தட்ட வேண்டும். நேரக் கெடுவை நீக்கிவிட்டால், பெயர் சொல்லும்வரை அது எதையும் கிளப்பாமல் காத்திருக்கும். கேட்கத் தயாராக இருக்கிறேன் என்பதை அது எப்படிச் சொல்லும்? திரையில் காட்டும் செய்திக்கென்று ஒரு ஃபைல் உண்டு. அதற்குள் மணி எழுத்து ஒன்றை வைத்தால் ஸ்பீக்கர் ஒரு பீப் கொடுக்கும். கண்ட்ரோலையும் ஜி-யையும் சேர்த்து அழுத்தினால் வரும் எழுத்து அது.

வைத்தேன். சத்தம் வரவில்லை. விண்டோஸ் பேசுவது வெளியே வைத்த ஸ்பீக்கரில்; பீப்புக்கு உள்ளே தனியாக ஒன்று உண்டு. கேபினட்டைத் திறந்தால், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் ஒயர் மதர்போர்டில் மாட்டப்படாமலே தொங்கியது. வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கும். திரையைப் பார்ப்பவர் யாருக்கும் அது தேவைப்படவில்லை. மாட்டினேன். பீப்.

சுகந்தி நிமிர்ந்தார். “இது எங்க இருந்துச்சு இவ்வளவு நாளா?”

“உள்ளேயே இருந்ததும்மா. இப்ப ரெண்டு சிஸ்டத்துக்கும் பெயர் வைக்கணும். என்ன வைக்கலாம்?”

“நான் வைக்கலாமா?”

“நீங்கதான் வைக்கணும்.”

விண்டோஸுக்கு ‘பேசு’ என்று வைத்தார். ஆங்கில எழுத்தில் நான்கே எழுத்து. லினக்ஸுக்கு ‘கணக்கு’. சமத்தார் அந்தத் தமிழ்ச் சொல்லை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, “கே இத்தனை தடவை வருதே மா, எனக்குத் தண்டனையா?” என்றார்.

“ஆமா” என்றார் சுகந்தி.

மாலை வரை பழகினார். பீப்புக்கு முன்னால் அவசரப்பட்டு ஒரு முறை அடித்தார். ‘பேசு’வுக்குப் பதில் ‘கணக்கு’ என்று மாற்றி அடித்துவிட்டு, டிஸ்க் ஓடும் சத்தத்திலேயே கண்டுபிடித்து, இந்தத் தடவை பட்டனை அமுக்காமல் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்று மூன்று விரலால் ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் கிளம்பும்போது, “அண்ணாச்சி, நாளைக்கு வாங்க. ஆனா பக்கத்துல நிக்காதீங்க” என்றார்.

7. வியாழக்கிழமை

லைலோ இன்று இல்லை. நீங்கள் வேலை பார்க்கும் பூட் லோடர்கள் வேறு. ஆனால் அவையும் டிஃபால்ட் கேட்கும், யாரோ அதை மாற்றுவார்கள். அன்றைக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அதைத் தினமும் பயன்படுத்துகிறவரை உட்காரச் சொல்லி, அவர் கையால் கிளப்பச் சொல்வேன். திரையைப் பார்க்க மாட்டேன். கையைப் பார்ப்பேன். எத்தனை பேர் எத்தனை விதமாகக் கிளப்புகிறார்கள் என்பது இன்றும் எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது. என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு நான் கட்டாயமாகச் சொன்னது இது ஒன்றுதான்: நல்லதற்காகவே எதையாவது மாற்றினாலும், மாற்றியதை அவரிடம் வாயால் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

சுகந்தியின் வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நிலைத்தது. டிக்டேஷன் பிரிவிலிருந்து பிறகு பல முறை எனக்குக் கம்ப்ளைண்ட் சொல்லியிருக்கிறார். நான் எழுத நினைத்தது அந்த வியாழக்கிழமை காலையைப் பற்றி.

சொன்னபடி சற்றுத் தள்ளி, வாசல் பக்கமாக நின்றேன். தேர்வு நடத்த வந்த அம்மையார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுகந்தி உள்ளே வந்து கைத்தடியை மடித்து மேஜையில் வைத்தார். கம்ப்யூட்டர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது.

“யாரு ஆன் பண்ணினது?”

ரங்கநாதன் முன்னால் வந்தார். முகத்தில் அத்தனை கனிவு. “நான்தாம்மா. சீக்கிரமே வந்து சமத்தார்கிட்ட அந்தப் பேரைக் கேட்டுண்டு போட்டு வெச்சேன். உனக்குச் சிரமம் இருக்கப்படாதுன்னு. நீ உக்காந்து டைப் பண்ணினாப் போதும்.”

என் பக்கத்தில் நின்ற சமத்தார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வேலையாக, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்தார். டிஸ்க் நிற்கும்வரை காத்திருந்தார்.

“மேடம், இப்ப இருந்து எழுதிக்கோங்க” என்று சுகந்தி அம்மையாரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கேபினட்டைத் தடவி, பட்டனை அமுக்கினார்.

பீப் கேட்டது. நான்கு எழுத்து அடித்து எண்டர் தட்டினார்.